சுவர் இருந்தால்தான் சித்திரம்

(ஓவியக் கண்காட்சித் திறப்பு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அரங்கைக் கட்டணமின்றித் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் போர்த்திய செயலாளர் அவர்களே, இடமின்றி நின்றுகொண்டே கேட்கும் ஓவிய மாணவர்களே, வணக்கம்.

பிக்காசோ 1910-இல் கரியால் வரைந்த, ஆடையற்று நிற்கும் பெண்ணின் படம் பற்றி மூன்று சொல்ல வந்தேன்: எப்படி வரைந்தார், ஏன் பாணி மாறினார், அந்தத் தாள் எப்படிப் பிழைக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவர் என்பது தாள்.

குத்துக்கோடும் படுக்கைக்கோடும் சாரம் கட்டியதுபோல் நிற்கின்றன. நடுநடுவே அரைவட்டங்கள், தலை, மார்பு, மூட்டு என்று ஊகிக்க அவைதான் துப்பு. கரியை ஒரு விளிம்பில் அழுத்தி, மறுபக்கம் தேய்த்து மங்கவிட்டிருக்கிறார். மங்கிய பக்கத்தைக் கோடு போட்டு மூடவில்லை. உடம்பும் பின்னணியும் ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. கியூபிசம், அதாவது உருவத்தைக் கட்டங்களாகவும் தளங்களாகவும் உடைத்துக் காட்டும் பாணி, என்று சொல்லிக்கொண்டு எல்லாக் கட்டத்தையும் மூடினால் கிடைப்பது சன்னல் கம்பி.

சன்னல் கம்பி என்றதும் நினைவு வருகிறது. 1911 வசந்தத்தில், நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், ‘291’ என்ற தம் அரங்கில், புகைப்படக்காரர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் பிக்காசோவின் தாள் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். ஊரே சிரித்தது. இந்தப் படத்தைத் தீப்பிடித்தால் தப்பி இறங்கும் இரும்புப் படிக்கட்டு என்றார்கள், கம்பி வேலி என்றார்கள். விற்றவை இரண்டே; ஒன்று இந்தப் படம், அதை வாங்கியவர் சாட்சாத் ஸ்டீக்லிட்ஸே! மொத்தத்தையும் 2,000 டாலருக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைக் கேட்டதாகப் பின்னாளில் அவர் சொல்வார். வேண்டாம் என்றார்களாம். அவர் 1946-இல் மறைந்தார். 1949-இல் அவருடைய சேகரிப்பில் ஒரு பகுதி, இந்தக் கம்பி வேலி உட்பட, அதே அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காசு கொடுக்காமல்! (கைதட்டல்)

முப்பத்தெட்டு வருடம் அந்தத் தாள் கிழியாமல் இருந்ததே, அதை யோசியுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம்.

பாணி மாற்றத்துக்கு ஒரே சான்று தருகிறேன். ஓவிய வியாபாரி வொலார்டை 1910-இல் கண்ணாடிச் சில்லுகளாக நொறுக்கித் தீட்டியவர், 1915-இல் அதே மனிதரைப் பென்சிலில் கோட் பொத்தான் முதற்கொண்டு அச்சுப்போல் வரைந்தார். ஏன் என்பதை விரிக்கலாம். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஆகவே நம் வேலைக்கு வருகிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்கள் காதில் விழட்டும்: இந்த ஊருக்குத் தாள் ஓவியங்களுக்கென வெளிச்சம் குறைந்த ஓர் அறை வேண்டும். விளக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. கரி தாளில் ஒட்டுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதனால் சட்டத்துக்கு அக்ரிலிக் தகடு ஆகாது. அதன் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். கண்ணாடிதான் வேண்டும், அதுவும் படத்தைத் தொடாதபடி நடுவில் கனமான அட்டைச் சட்டம் வைத்து. பின்னால் அமிலமற்ற அட்டை. சாதாரண அட்டையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கி அப்பளமாய் நொறுக்கிவிடும். மாட்டுவதற்கு ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் போதும். பின்னாளில் ஈரம் காட்டினால் கழன்றுவரும்.

வெளியே தொங்கும் படங்களில் பாதிக்கு மேல் செலோடேப் பார்த்தேன். சுவர் இருந்தால்தான் சித்திரம், மாணவர்களே! ஆனால் பதறிப்போய் இன்றிரவே அதைப் பிடுங்காதீர்கள். தாளின் மேல்தோலும் கூடவே வந்துவிடும்.