அண்ணன் போட்ட நடை

நேயர்களுக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகள் மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். உசிலம்பட்டிப் பக்கத்துக் காதுகுத்து, மேலூர்ப் பக்கத்துத் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் கட்டிய வேப்பமரங்களை எண்ணி மாளாது. என்னை ராக் இசை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள் என்றதும் வீட்டில் சிரித்தார்கள்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் கரண்டிலும் ஓடும், பாட்டரியிலும் ஓடும். பின்பக்கம் ஏசி, டிசி என்று எழுதியிருக்கும். 1980களில் ஒரு கல்லூரி விடுதி விழாவுக்குப் போனபோது மாணவர் ஒருவர் கேசட் ஒன்றை நீட்டினார். அட்டையில் அதே எழுத்துகள். ஆம்ப்ளிஃபயரோடு கொடுக்கிற சோதனைக் கேசட் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். போட்ட பிறகுதான் தெரிந்தது, எங்கள் பெட்டிகளின் தாங்குதிறனுக்கு அது உண்மையிலேயே சோதனை என்று.

மால்கம் யங், ஆங்கஸ் யங் என்று கிட்டார் வாசிக்கும் அண்ணன் தம்பி 1973இல் சிட்னியில் தொடங்கிய ‘ஏசி/டிசி’ என்ற ராக் குழு அது. அக்காவின் தையல் மெஷினில் கண்ட எழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது 2020 நவம்பர் 13 அன்று வந்த ‘பவர் அப்’ ஆல்பத்தைப் பற்றி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு குழுவே கலைந்த மாதிரிதான் இருந்தது. மறதி நோயால் 2014இல் விலகிய மால்கம் 2017இல் இறந்துவிட்டார். ட்ரம்ஸ் வாசித்த ஃபில் ரட் வழக்கில் சிக்கி வெளியேறினார். பேஸ் கிட்டார் கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். 2016இல், கச்சேரிப் பயணத்தின் நடுவில், பாடகர் பிரையன் ஜான்சனிடம் இனி மேடையேறினால் காது முற்றிலும் போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஜெனரேட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று நின்று என் இடது காது போனது. முதலில் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை. ஜான்சனுக்கு மண்டை எலும்பின் வழியே ஒலியைக் கொண்டுசெல்லும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். முதலில் வந்தது கார் பாட்டரி மாதிரி இருந்ததாம். அதைக் குறுக்கிக் குறுக்கி, காதுக்கு அடக்கமாக்கினார்கள். வில்லியம்ஸும் ரட்டும் திரும்பி வர, 2018இல் வான்கூவரில் பதிவு நடந்தது.

பன்னிரண்டு பாட்டுகள். எல்லாமே அண்ணனும் தம்பியும் முன்பு சேர்ந்து போட்டுவைத்த துண்டுகளிலிருந்து ஆங்கஸ் எடுத்துக் கட்டியவை. எல்லாவற்றிலும் இருவர் பெயரும் இருக்கிறது. பின்பாதி சற்றுத் தொய்வுதான், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நான்காவது பாட்டு மட்டும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது.

பள்ளிக்கூட யூனிஃபார்ம் கால்சட்டையோடு முன்னால் குதிப்பவர் ஆங்கஸ். மால்கம் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். ஒத்து ஊதுகிறவர் என்று சொல்ல நாக்கு வருகிறது, ஆனால் பொருந்தாது. ஒத்துக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார், இவரோ பாட்டின் நடையையே போட்டுக் கொடுத்தவர். அந்த இடத்தில் இப்போது வாசிப்பவர் ஸ்டீவி யங். மூத்த அண்ணனின் மகன், ஆனால் சித்தப்பா ஆங்கஸைவிட இரண்டு வயதுகூட இளையவர் இல்லை. நம் வீடுகளிலும் இப்படி உண்டே.

இரண்டு கிட்டாரையும் ஆளுக்கொரு காதாகப் பிரித்துப் பதிவு செய்வது இவர்கள் வழக்கம். ஒற்றைக் காதுக்காரனுக்கு ஒரு கிட்டார்தானே கேட்கும்? பேரனின் ஹெட்போனை நேராக மாட்டி ஆல்பம் முழுவதும் கேட்டேன். பிறகு காது மாற்றி மாட்டிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து மறுபடி. ஒரு தடவை தம்பியின் ஆட்டம். இன்னொரு தடவை, அது எதுவும் குறுக்கிடாமல், அண்ணன் போட்ட நடை மட்டும். பேரன் வந்து ஒலியைக் குறைத்துவிட்டுப் போனான். அவன் அறையைத் தாண்டியதும் கூட்டிக்கொண்டேன்.