டிக் அடிப்பதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. வீட்டில் எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளை இருந்தால், கடைசி செமஸ்டரில் ஒரு நாள் உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு கூகுள் ஃபார்ம் வந்திருக்கும். "ரெண்டே நிமிஷம்தான், நிரப்பிடுங்க, உங்க குரூப்புலயும் போட்டுவிடுங்க." நீங்களும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு கண் பாலில், ஒரு கண் போனில், எல்லாக் கேள்விக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டி அனுப்பியிருப்பீர்கள். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆய்வு முறைகள் என்ற பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று முடிவாவதற்கு முன்பே, எத்தனை ஃபார்ம் வாங்குவது என்று முடிவாகிவிடுகிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே டைலர்கள் ஏன் அடிக்கடி வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று பார்க்க என் மாணவி ஒருத்தி போனாள். சம்பளம், கேன்டீன், சூப்பர்வைசர் என்று முப்பது கேள்வி போட்டு ஆபீசில் கொடுத்திருக்கிறாள். மறுநாளே நூற்றிருபது ஃபார்மும் நிரம்பி வந்துவிட்டன. சந்தோஷமாக என் மேஜையில் வைத்தாள். புரட்டிப் பார்த்தால் ஒரே நீல மை, ஒரே மாதிரி டிக், எல்லா டிக்கின் வாலும் வலது பக்கம் ஒரே மாதிரி வளைந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, இதை ஓரமாக வை, போய் உட்கார் என்றேன். டீ டைமில் டைலர்களோடு உட்கார்ந்தாள். அப்புறம் அனுமதி வாங்கி மூன்று வருட வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். நின்றுபோன பெண்களின் பெயர்கள் அதிகம் அடிக்கப்பட்டிருந்தது ஜூன் மாதத்தில். அதை வைத்து ஒரு அக்காவிடம் கேட்டபோது அவர் சொன்னாராம்: "ஏங்கண்ணு, எட்டரைக்கு நான் மெஷின்ல உக்காந்தா, ஒம்போது மணி ஸ்கூலுக்குப் பிள்ளையை யாரு கொண்டுபோய் உடறது?"

முப்பது கேள்வியில் இது எங்கேயும் இல்லை. நேர்மையாகவே நிரப்பியிருந்தாலும் வந்திருக்காது, ஏனென்றால் கேட்கவே இல்லையே!

'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'ஒப்புக்கொள்ளவே இல்லை' வரை நாம் டிக் அடிக்கிற அந்த ஐந்து கட்ட அளவுகோலை 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கொடுத்தார். மனப்போக்கை அளக்க அது நல்ல கருவி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனப்போக்கு வேறு, நடப்பு வேறு. அதே 1930-களில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர், சீனர்கள் மேல் வெறுப்பு மிகுந்திருந்த அமெரிக்காவில், ஒரு சீனத் தம்பதியுடன் ஊர் ஊராகக் காரில் போனார். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். இடம் இல்லை என்று சொன்னது ஒரே ஒரு இடம். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை ஏற்பீர்களா என்று கடிதம் போட்டார். பதில் போட்டவர்கள் 128 பேர், அதில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள்! கடிதத்தை மட்டும் நம்பியிருந்தால் அவருக்கு என்ன முடிவு கிடைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள், ஆனால் போய்ப் பாருங்கள், பழைய பதிவேட்டையும் புரட்டுங்கள். மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் தைரியமாக எழுதலாம். வெவ்வேறு பக்கம் காட்டினால் இன்னும் நல்லது, அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

சாம்பிள், அதாவது யார் யாரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பது என்பது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, வேட்பாளர் லாண்டன்தான் அதிபர் என்றது. ஜெயித்தது எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட், 48 மாநிலத்தில் 46. போன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியல்களைத்தான் பெரும்பாலும் எடுத்திருந்தார்கள். வசதி குறைந்தவர்கள் அதில் குறைவு. சீட்டு வந்தும் பதில் போடாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் தெரியாது.

உங்கள் கூகுள் ஃபார்ம் யாருக்கெல்லாம் போய்ச் சேரவில்லை என்று புராஜெக்டில் ஒரு பத்தி எழுதுங்கள் பிள்ளைகளே. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் முதலில் கேட்பது அதைத்தான். வணக்கம்.