காலில புடைச்சிருக்கிறது நரம்பில்ல

வணக்கம் எல்லாருக்கும், இண்டைக்கு வெள்ளவத்தை கடற்கரையில ரயில் பாதைக்குப் பக்கத்தால நடந்துகொண்டே கதைக்கிறன், காத்துச் சத்தம் கேட்டா குறை நினைக்காதைங்கோ. போன வீடியோவில கட்டைச் சட்டை போட்டதுதான் பிழையாப் போச்சு, கொத்துரொட்டிய ஒருத்தரும் பாக்கேல்ல போல, அக்கா கால்ல என்ன பச்சைப் பச்சையா எண்டுதான் கேட்டிருக்கிறீங்கள். சரி, கமராவ இறக்குறன். இந்தா, முழங்காலுக்கு உள்பக்கத்தால மண்புழு மாதிரி சுருண்டு சுருண்டு இறங்குது பாருங்கோ, இதுதான் வெரிகோஸ் வெயின்.

எங்கட ஆக்கள் நரம்பு புடைச்சிட்டுது எண்டுதான் சொல்லுவினம், நானும் அப்பிடித்தான் நினைச்சு மாமி சொன்னா எண்டு ஆறு மாசம் நல்லெண்ணெய் போட்டு உருவினன். கடைசில பாத்தா நரம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது நாளம், கால்ல இருந்து ரத்தத்தத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோற குழாய். மேல ஏறின ரத்தம் கீழ இறங்காம உள்ளுக்க சின்னச் சின்ன வால்வு இருக்கு, அது சரியா மூடாட்டி ரத்தம் தேங்கி குழாய் வீங்கி நெளிஞ்சு போகும். எண்ணெய் தேச்சு வால்வ மூட ஏலுமோ?

நான் புறக்கோட்டையில ஒரு புடவைக்கடையில 9 வருஷம் நிண்டனான், கஸ்டமர் இல்லாட்டியும் இருக்க விடமாட்டினம், ஒரு ஸ்டூல் கூட இல்ல. டொக்டர் சொன்னா, அசையாம நிக்கேக்க கணுக்காலடில நாளத்துக்குள்ள ப்ரெஷர் 90 mmHg கிட்ட இருக்குமாம் (கையில ப்ரெஷர் பாக்கிற அதே அளவு), நடந்தா கெண்டைக்கால் தசை பிழிஞ்சு மேல தள்ளுறதால 30 அளவுக்கு இறங்கிடுமாம், வால்வு பழுதான ஆக்களுக்கு நடந்தாலும் அவ்வளவு இறங்காது. அதுக்காக எல்லாப் பழியையும் கடைமேல போட ஏலாது, அம்மாக்கும் இருந்தது, நான் ரெண்டு பிள்ளையும் பெத்தனான், அதுகளும் காரணம்தான்.

பின்னேரமானா கால் ஈயக்கட்டி மாதிரி, செருப்பு வார் இறுகும், ராவில கெண்டை பிடிச்சு இழுக்கும். ஆனா என்னைப் பயப்பிடுத்தினது புடைப்பில்ல, இந்த இடம், உள் கணுக்காலுக்கு மேல, பாருங்கோ தேத்தண்ணி ஊத்தின மாதிரி ஒரு கறை. ரத்தம் கசிஞ்சு தோலுக்குக் கீழ படிஞ்சு வாற நிறம் இது, பிறகு தோல் தடிச்சு கடிக்கும், சொறிஞ்சா புண். அம்மாக்கு இதே இடத்தில வந்த புண் ரெண்டு வருஷம் ஆறேல்ல, நாங்கள் சுகர்ப் புண் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம், சுகரே இல்லாத மனுசிக்கு.

இன்னொண்டு, ஒரு கால் மட்டும் திடீரெண்டு வீங்கி நொந்தா உள் நாளத்தில ரத்தம் கட்டியிருக்கலாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நெஞ்சு நோவும் மூச்சு வாங்கலும் சேர்ந்தா ஒரு நிமிஷமும் நிக்காதைங்கோ. புடைச்சது வெடிச்சு ரத்தம் பாய்ஞ்சா ஓடித் திரியாம படுத்து, கால உயர்த்தி, சுத்தமான துணியால அழுத்திப் பிடிக்கோணும்.

ஆ, மாத்தறை ட்ரெயின்... பொறுங்கோ... சரி போயிட்டுது.

எனக்கு டூப்ளெக்ஸ் ஸ்கேன், அதாவது நாளத்துக்குள்ள ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது எண்டு காட்டுற அல்ட்ராசவுண்ட், எடுத்து எந்த வால்வு எண்டு பாத்தாச்சு, அடுத்த மாசம் லேசர். உள்ளுக்க வயர் மாதிரி ஒண்ட விட்டு அந்தக் குழாயச் சுட்டு மூடுவினம், ரத்தம் மற்றக் குழாயளால போகும். அதுவரைக்கும் இந்த இறுக்கமான ஸ்டொக்கிங்ஸ், கொழும்பு வெக்கைக்கு இதப் போடுறது ஒரு தண்டனை! காலமை கட்டில்ல இருந்து இறங்க முதல், கால் வீங்க முதல் போடோணும், பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸ் மாட்டினா வழுக்காம ஏறும். ஒருநாள் வேர்க்குது எண்டு மேல் விளிம்ப மடிச்சு விட்டிட்டன், பின்னேரம் கழட்டினா கயிறு கட்டின மாதிரி வரி விழுந்து கீழ முழுக்க வீக்கம். காலுக்கு ரத்தோட்டம் குறைஞ்ச ஆக்கள், சுகர்காரர், என்னைப் பாத்துப்போட்டு பார்மசில வாங்கிப் போடாதைங்கோ, முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ. லேசர் முடிஞ்ச பிறகு அந்தக் கதைய ஒரு வீடியோவாப் போடுறன், கட்டைச் சட்டையோடதான்.