யார் பக்கம்? துருக்கி விடுதலைப் போரும் பத்திரிகைகளும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

1919 பிப்ரவரி 8. முதல் உலகப் போர் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தோற்றுப்போன உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புலுக்குள் பிரெஞ்சுத் தளபதி ஃபிராங்ஷே டெஸ்பெரே வெள்ளைக் குதிரையில் ஊர்வலமாக வருகிறார். 1453-ல் அந்த நகரத்தைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத் வெள்ளைக் குதிரையில்தான் உள்ளே வந்தார் என்பது துருக்கியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. அந்தக் கதைக்கு எதிர்க்கதை எழுத வந்தவர்போல வந்தார் தளபதி. நகரத்துக் கிரேக்கர்கள் பலர் ஆரவாரம் செய்தார்கள். துருக்கியர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் ‘ஹாதிஸாத்’ பத்திரிகையில் எழுத்தாளர் சுலைமான் நஸிஃப் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ‘ஒரு கறுப்பு நாள்’. வெளிநாட்டுப் படை ஊருக்குள் இருக்கும்போது, அந்தப் படையின் தளபதியைப் பற்றி, தன் பெயரைப் போட்டே எழுதினார். அடுத்த ஆண்டு ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்து மால்டா தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

துருக்கி விடுதலைப் போர் என்றதும் நமக்கு அதை நடத்திய முஸ்தபா கமால் நினைவுக்கு வருவார். சகார்யா போர்க்களம், 1922-ல் இஸ்மிரை மீட்டது, அப்புறம் போரை முடித்துவைத்த லோசான் அமைதி ஒப்பந்தம். நான் இன்றைக்குப் பேச வந்தது அச்சகங்களைப் பற்றி. யார் எந்தப் பத்திரிகையில் எழுதினார், யாருக்காக எழுதினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதைப் பற்றி.

முதலில் நிலைமையைப் புரிந்துகொள்வோம். 1918 அக்டோபர் 30-ல் முத்ரோஸ் போர்நிறுத்த உடன்படிக்கை. நவம்பர் 13-ல், போரில் வென்ற நேச நாடுகளின் கப்பல்கள் இஸ்தான்புல் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டன. சுல்தான் அரண்மனையில்தான் இருந்தார், அமைச்சரவையும் இருந்தது. அதிகாரம் மட்டும் அவர்கள் கையில் இல்லை. பத்திரிகைகளுக்கு இரட்டைத் தணிக்கை. அரசாங்கம் ஒரு பக்கம் வெட்டும், நேச நாடுகள் இன்னொரு பக்கம் வெட்டும். வெட்டிய இடத்தை நிரப்ப நேரம் இருக்காது. ஆகவே பத்திகள் வெள்ளையாகவே அச்சாகி வாசகர் கைக்குப் போகும். எதையோ எழுதியிருக்கிறார்கள், எடுத்துவிட்டார்கள் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இந்த நகரத்தில் பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்தன. ‘வகித்’, ‘அக்‌ஷாம்’, ‘இலெரி’, ‘இக்தாம்’, ‘தஸ்வீரி எஃப்கார்’ போன்றவை துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவில், முஸ்தபா கமால் தலைமையில் எழுந்த தேசிய இயக்கத்தின் பக்கம் சாய்ந்தன. ‘அலெம்தார்’, ‘பெயாமி ஸபாஹ்’, சயீத் மொல்லாவின் ‘இஸ்தான்புல்’ ஆகியவை அந்த இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தன. சயீத் மொல்லா ‘ஆங்கிலேய நண்பர்கள் சங்கம்’ என்று ஒரு சங்கமே நடத்தியவர். அவரைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. ‘பெயாமி ஸபாஹ்’வில் எழுதிய அலி கெமாலின் கதை வேறு. அவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அலி கெமால் கூலிக்கு எழுதியவர் அல்ல. அப்துல் ஹமீதின் கொடுங்கோல் காலத்தில் எதிர்த்துப் பேசி வெளிநாட்டில் வாழ்ந்தவர். பேரரசை உலகப் போருக்குள் இழுத்துவிட்ட ‘ஐக்கிய முன்னேற்றக் கட்சி’யை அவர் மனதார வெறுத்தார். போர்க்காலத்தில் ஆர்மீனியர்களுக்கு நடந்த கொடுமையைக் குற்றம் என்றே 1919 ஜனவரியில் எழுதினார். அந்த நேரத்தில், அந்த ஊரில், அப்படி எழுதத் துணிவு வேண்டும். முஸ்தபா கமாலின் இயக்கத்தைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது அதே பழைய கட்சியின் முகம்தான். நாட்டை ஒரு முறை அழித்தவர்கள் மறுபடியும் வருகிறார்கள் என்று நினைத்தார். உள்துறை அமைச்சராக இருந்தபோது, 1919 ஜூன் 23 அன்று, முஸ்தபா கமாலின் உத்தரவுக்கு எந்த அதிகாரியும் கீழ்ப்படியக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். பதவி போன பிறகு பேனாவை எடுத்தார். கிரேக்கப் படை அனடோலியாவுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோதும் அங்காராவில் இருந்த தேசிய இயக்கத்தின் அரசைத் திட்டுவதை நிறுத்தவில்லை. அங்கேதான் அவர் தவறினார் என்பது என் கருத்து. பழைய பகை கண்ணை மறைத்துவிட்டது. வீட்டுக்குள் அந்நியப் படை நிற்கும்போது அவர் பங்காளிச் சண்டையையே பேசிக்கொண்டிருந்தார்.

இஸ்தான்புலை விட்டு உள்நாட்டுக்குப் போவோம்.

1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. முதல் குண்டைச் சுட்டவர் ஹஸன் தஹ்சின் என்பது துருக்கியர்களின் நம்பிக்கை. அவர் ஒரு பத்திரிகையாசிரியர். அங்கேயே கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து முஸ்தபா கமால் சம்சுனில் இறங்குகிறார். அவருக்குப் பத்திரிகையின் அருமை முன்பே தெரியும். 1918 கடைசியில் நண்பர் அலி ஃபெத்தியோடு சேர்ந்து இஸ்தான்புலில் ‘மின்பெர்’ என்ற பத்திரிகையை நடத்திப் பார்த்தவர். தேசிய இயக்கத்தினர் கூடிய சிவாஸ் மாநாடு 1919 செப்டம்பர் 11-ல் முடிந்தது. 14-ஆம் தேதியே அந்த ஊரில் ‘இராதெ-இ மில்லியெ’ பத்திரிகை வெளிவந்துவிட்டது. அங்காராவுக்கு வந்ததும் 1920 ஜனவரி 10-ல் ‘ஹாகிமியெத்-இ மில்லியெ’. முன்னதற்குத் ‘தேச விருப்பம்’ என்று பொருள், பின்னதற்குத் ‘தேச இறையாண்மை’. சிறிய ஊர், பழைய எந்திரம், காகிதத் தட்டுப்பாடு. அதை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள்.

ஊர் ஊராக இப்படி நடந்தது. கஸ்தமோனுவில் ‘அச்சிக்ஸோஸ்’, எர்சுரூமில் ‘அல்பாய்ராக்’, கோன்யாவில் ‘ஓயுத்’, பாலிகெசிரில் ‘இஸ்மிரெ தோரு’. இதில் என் மனதைத் தொட்டது ‘யெனி அதானா’. அதானா பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே அச்சடிக்க முடியாமல் போனதும், மலைப்பக்கம் போஸான்தியில், ரயில் பெட்டி ஒன்றில் அச்சு எந்திரத்தை வைத்து அடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆதரவாக அதானாவில் ‘ஃபெர்தா’ என்ற துருக்கிப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதி வாசகனுக்கு இரண்டு பத்திரிகை, இரண்டு உலகம்.

1920 மார்ச் 16 இந்தப் போரில் முக்கியமான நாள். அன்று காலை நேச நாட்டுப் படைகள் இஸ்தான்புலை முறைப்படி ஆக்கிரமித்தன. ஷெஹ்ஸாதெபாஷியில் ஒரு ராணுவக் காவல் நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்த துருக்கி வீரர்கள் சுடப்பட்டார்கள். இது அங்காராவுக்கு எப்படித் தெரிந்தது? பத்திரிகை மூலமாக அல்ல. மனாஸ்திர்லி ஹம்தி என்ற தந்தி ஊழியர், நடப்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தந்தியில் அடித்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலேயர் இங்கே வந்துவிட்டார்கள், அடுத்து அங்கே போகிறார்கள் என்று துண்டு துண்டாகச் செய்தி. தந்தி அலுவலகமும் அவர்கள் கையில் விழும் வரை அனுப்பினார். கம்பியின் மறுமுனையில் முஸ்தபா கமால் இருந்தார். பின்னாளில், 1927-ல் ஆற்றிய தன் நீண்ட உரையில் இந்த ஊழியரைப் பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிட்டார்.

தந்திக் கம்பி யார் கையிலோ செய்தி அவர் கையில். இதை எதிர்த்தரப்பும் அறிந்திருந்தது. 1919-ல் அஞ்சல் தந்தித் துறைக்குத் தலைமை இயக்குநராக இருந்தவர் எழுத்தாளர் ரெஃபிக் ஹாலித். தேசிய இயக்கத்தின் தந்திகளை அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டவர் அவர். அழகான துருக்கி உரைநடை எழுதிய ஒருவர் அந்த வேலையைச் செய்தார் என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

ஆக்கிரமிப்புக்குப் பிறகு இஸ்தான்புலிலிருந்து தப்பி அங்காராவுக்கு வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். நாவலாசிரியை ஹாலிதெ எதிப், ‘யெனி கூன்’ பத்திரிகையாசிரியர் யூனுஸ் நாதி. வழியில் ஒரு ரயில் நிலையத்தில் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, நமக்கென்று ஒரு செய்தி நிறுவனம் வேண்டும் என்ற யோசனை பிறந்தது. 1920 ஏப்ரல் 6-ல் ‘அனதோலு அஜான்ஸி’ தொடங்கப்பட்டது. அங்காரா நாடாளுமன்றம் கூடியது ஏப்ரல் 23-ல். அதாவது நாடாளுமன்றத்துக்கு 17 நாள் மூத்தது செய்தி நிறுவனம்! ஹாலிதெ எதிப் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்து மொழிபெயர்ப்பார். செய்தி தந்தியில் ஊர்களுக்குப் போகும். அங்கே எழுதி ஒட்டுவார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

அப்புறம் ஃபத்வாப் போர். ஏப்ரல் 11 அன்று இஸ்தான்புலின் ஷெய்குல் இஸ்லாம், அதாவது பேரரசின் தலைமை மார்க்க அதிகாரி, துர்ரிஸாதெ அப்துல்லா, அங்காரா இயக்கத்தினர் கலகக்காரர்கள், அவர்களைக் கொல்வது மார்க்கக் கடமை என்று ஃபத்வா கொடுத்தார். அது பத்திரிகைகளில் வந்தது, விமானத்திலிருந்தும் வீசப்பட்டது. முஸ்லிம் நாட்டில், முஸ்லிம்களின் தலைவரான கலீஃபாவாகவும் இருந்த சுல்தானின் பெயரால் வந்த தீர்ப்பு! சாதாரண விவசாயி என்ன செய்வான்? பல ஊர்களில் அங்காராவுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அங்காரா முஃப்தி ரிஃபாத் பதில் ஃபத்வா கொடுத்தார். எதிரியின் பிடியில் சிக்கிய கலீஃபாவை மீட்பதே முஸ்லிம்களின் கடமை, கட்டாயத்தின் கீழ் கொடுக்கப்பட்ட ஃபத்வா செல்லாது என்றது அது. 150-க்கும் மேற்பட்ட முஃப்திகள் ஒப்புதல் அளித்தார்கள். மே மாதம் ‘ஹாகிமியெத்-இ மில்லியெ’ அதை அச்சிட்டது. அந்த நேரத்தில் அங்காராவும் கலீஃபாவின் பெயரைச் சொல்லித்தான் போரிட்டது என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் கிலாபத் இயக்கம் பணம் திரட்டி அனுப்பியதும், சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் போன்றவர்கள் சிறை போனதும் அந்தப் பெயருக்காகத்தான்.

அங்காராவும் தணிக்கையில் சளைத்ததல்ல. எதிர்ப்புப் பத்திரிகைகள் அனடோலியாவுக்குள் வரத் தடை. 1920 ஏப்ரல் 29-ல் தேசத்துரோகச் சட்டம். எழுத்தாலும் பேச்சாலும் நாடாளுமன்றத்தை எதிர்ப்பதும் அதில் அடங்கும். அதை விசாரிக்க ‘விடுதலை நீதிமன்றங்கள்’. போர்க்காலத்தில் வேறு வழி உண்டா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதி நாடு ஆக்கிரமிப்பில் இருக்கும்போது ஓர் அரசு இதைச் செய்வதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

என்னால் ஏற்க முடியாதது அதன் பிறகு நடந்தது.

1922 செப்டம்பர் 9-ல் துருக்கிப் படை இஸ்மிருக்குள் நுழைந்தது. மறுநாள் அலி கெமால் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ‘எங்கள் நோக்கம் ஒன்றாகவே இருந்தது, ஒன்றாகவே இருக்கிறது’. வழிதான் வேறு, நாட்டின் நன்மையே எனக்கும் நோக்கம் என்று சொல்லிப் பார்த்தார். நவம்பர் 4 அன்று இஸ்தான்புலில் ஒரு முடிதிருத்தும் கடையில் அவரைப் பிடித்துக் கடத்தினார்கள். அங்காராவில் விசாரணைக்கு என்று கொண்டு போனார்கள். வழியில் இஸ்மித்தில் தேசியப் படைத் தளபதி நூரெத்தின் பாஷா முன் நிறுத்தினார்கள். வெளியே கூட்டம் திரட்டி வைக்கப்பட்டிருந்தது. கல்லாலும் தடியாலும் அடித்தே கொன்றார்கள். அங்காராவின் பிரதிநிதியாக லோசான் மாநாட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த இஸ்மெத் பாஷாவின் கண்ணில் படும்படி உடலைத் தொங்கவிட்டார்கள். முஸ்தபா கமாலே இந்தக் கொலையைப் பற்றி அருவருப்போடுதான் பேசினார் என்று அவருக்கு நெருக்கமான பத்திரிகையாளர் ஃபாலிஹ் ரிஃப்கி பதிவு செய்திருக்கிறார். அலி கெமால் எழுதியது தவறு என்றே நானும் சொல்கிறேன். தவறாக எழுதியவனுக்குப் பதில் எழுதலாம், வழக்குப் போடலாம். கூட்டத்தின் கையில் கொடுப்பது நீதி ஆகாது.

சரி, எதிரணியில் இருந்தவருக்கு அந்தக் கதி. நம் அணியில் இருந்தவர்கள்?

அலி ஷுக்ரு நாடாளுமன்ற உறுப்பினர். 1923 தொடக்கத்தில் அங்காராவிலேயே ‘தான்’ என்ற எதிர்க்கட்சிப் பத்திரிகையைத் தொடங்கினார். மார்ச் மாதம் அவரைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவன் முஸ்தபா கமாலின் மெய்க்காவல் படைத் தலைவன் தொபல் ஒஸ்மான்.

அதே ஆண்டு டிசம்பர் 5. இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் அமீர் அலியும் கலீஃபா பதவியை மதித்துக் காப்பாற்றுங்கள் என்று அப்போது பிரதமராக இருந்த இஸ்மெத் பாஷாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அது இஸ்மெத் கைக்குச் சேருமுன் இஸ்தான்புல் பத்திரிகைகள் வெளியிட்டுவிட்டன. உடனே விடுதலை நீதிமன்றம் இஸ்தான்புலுக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்கள் யார்? ஹுசைன் ஜாஹித், ‘இக்தாம்’ அஹ்மத் ஜெவ்தெத், வெலித் எபுஸ்ஸியா. போர்க்காலத்தில் தேசிய இயக்கத்துக்காக எழுதி ஆங்கிலேயரால் மால்டாவுக்கு அனுப்பப்பட்டவர் வெலித். இந்த வழக்கில் மூவரும் விடுதலையானார்கள். மூன்று மாதத்தில் கிலாபத்தே ஒழிக்கப்பட்டது.

1925 மார்ச் 4-ல் அமைதி நிலைநாட்டும் சட்டம். ஓரிரு நாளில் பத்திரிகைகள் வரிசையாக மூடப்பட்டன. அதில் ஒன்று ‘ஸெபீலுர்ரெஷாத்’. முஹம்மத் ஆகிஃப் எழுதிய துருக்கி தேசிய கீதத்தை 1921 பிப்ரவரி 17 அன்று, ‘ஹாகிமியெத்-இ மில்லியெ’ வெளியிட்ட அதே நாளில் வெளியிட்ட பத்திரிகை! ஹாலிதெ எதிப்பும் நாட்டை விட்டுப் போனார். 1919 ஆகஸ்டில், அமெரிக்கப் பாதுகாப்பில் நாடு இருக்கலாமே என்று முஸ்தபா கமாலுக்கு அவர் எழுதிய கடிதம் 1927-ல் அந்த நீண்ட உரையில் பகிரங்கமாக வாசிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் போர்முனையில் கழித்த நாட்களை எந்தத் தட்டில் வைப்பது?

போர்க்காலத்தில் ‘நீ யார் பக்கம்?’ என்ற கேள்விக்கு நாட்டின் பக்கம், அந்நியன் பக்கம் என்று இரண்டு பதில் இருந்தன. போர் முடிந்தது, கேள்வி மட்டும் முடியவில்லை. நாட்டின் பக்கம் என்பது ஆட்சியின் பக்கம் என்று ஆகிவிட்டது. இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரே ஒருவரின் கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். ‘வகித்’தை நடத்திய அஹ்மத் எமீன். துருக்கிப் பத்திரிகைகளைப் பற்றியே ஆராய்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1920-ல் அவரை மால்டாவுக்கு அனுப்பியது ஆங்கிலேய அரசு. 1925-ல் அவருடைய ‘வதன்’ பத்திரிகையை மூடி, அவரை விடுதலை நீதிமன்றத்தில் நிறுத்தியது கமாலின் அரசு. பத்தாண்டுக்கு மேல் பத்திரிகைப் பக்கம் வராமல் வியாபாரம் பார்த்தார். 1940-ல் ‘வதன்’னை மறுபடி தொடங்கினார். 1950-ல் ஆட்சி மாறியபோது புதிய கட்சியை ஆதரித்தார். அந்தக் கட்சியின் அரசு 1960-ல், எழுபது வயது தாண்டிய அவரைச் சிறையில் போட்டது.

நன்றி, வணக்கம்.