‘பாயினா’ போய் மாப்பிள்ளை வந்தார்!

வணக்கம் மக்களே! புவனேஸ்வர், அதே மொட்டைமாடி, அதே கொசு. இன்று ஊர் சுற்றல் கிடையாது. எங்கள் ஆபீஸில் இரண்டு பேருக்குக் கல்யாணம், அவர்களுக்குள்ளேயே!

இரண்டு வருடமாக அந்தப் பெண் அவரை ‘பாயினா’ என்றுதான் கூப்பிட்டாள். அண்ணா என்று அர்த்தம். இங்கே சீனியர் ஆண் என்றால் பாயினா, பெண் என்றால் அபா. அப்படிக் கூப்பிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் ஜூனுக்கு அப்புறம் பாயினாவும் இல்லை, பெயரும் இல்லை. மொட்டையாக “இங்கே பாருங்கள்” என்பாள். அங்கேயே பிடித்திருக்க வேண்டும்!

செய்தி தெரிந்ததும் சேனா போடா வாங்கினோம், பனீரைச் சுட்டுச் செய்யும் ஒடியா இனிப்பு. 480 ரூபாய், 12 பேர், தலைக்கு 40. 11 பேர் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் “நாளைக்கு ஜிபே பண்ணுகிறேன்” என்று நாலு நாளாக... சுட்ட ஓரத்துத் துண்டையும் அவர்தான் எடுத்தார். சேனா போடாவில் அந்தக் கருகல்தானே உயிர்!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஜூனில் இங்கே ஊஞ்சல் கட்டிக் கொண்டாடும் ரஜ பண்டிகை வீடியோவில் நான் ஊஞ்சலில் இருந்து விழுந்தேனே? நேற்று மறுபடி பார்த்தேன். பின்னால் ஓரமாக இரண்டு பேரும் ஒரே பீடாவைப் பாதிப் பாதியாகச் சாப்பிடுகிறார்கள். ரஜவுக்குப் பான் போடாதவர் இங்கே அபூர்வம், சரி. அதற்காக ஒரே பீடாவா? என் கேமராவிலேயே சாட்சி!

வீட்டு ஓனர் மாஉசிக்கு (சித்தி, பெரியம்மா மாதிரி மரியாதைப் பெயர்) இதில் ஆச்சரியமே இல்லை. “உத்தம் மொஹந்தி, அபராஜிதா மாதிரி” என்றார். ஒடியா சினிமாவில் ஜோடியாக நடித்துக் கல்யாணமும் செய்துகொண்டவர்கள். மகன் பாபுஷானும் ஹீரோ. ஷூட்டிங் ஸ்பாட்டும் வேலை செய்யும் இடம்தானே! 2025 பிப்ரவரியில் உத்தம் இறந்த அன்று மாஉசி அடுப்பே பற்றவைக்கவில்லை.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஒடியா வழக்கப்படி மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்தைப் பார்க்கப் போகமாட்டார். பெற்றவளுக்கே அனுமதி இல்லையாம்! இந்த அம்மா மட்டும், “அவனே பார்த்துப் பிடித்த பெண், நான் மட்டும் பார்க்கக் கூடாதா?” என்று புடவை எடுத்துவிட்டாராம். அவருக்காகவே நான் போகிறேன்.

நேற்று மீட்டிங்கில் கல்யாணப் பெண் பழக்க தோஷத்தில், “பாயினா, அந்த ஃபைல்...” என்றாள். மாப்பிள்ளை தலையை மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார். அந்த 40 ரூபாய் இன்னும் வரவில்லை மக்களே.