ஒரு மொட்டு, இரண்டு இலை

(குன்னூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மேகம் இறங்கிவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

டிசம்பர் குளிரில் பிரெட் மாவை அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் உப்பும். அதை உப்பவைக்கிற ஈஸ்ட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. பெயர் கால்4. தமிழில் எழுதினால் கால் என்று வருகிறது. செய்வதென்னவோ கை வேலை. 881 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. காலக்டோஸ் என்ற சர்க்கரை கிடைத்தால், அதைப் பயன்படுத்தத் தேவையான மரபணுக்களை இது முடுக்கிவிடும்.

முடுக்குவது இருக்கட்டும், இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே! ஈஸ்ட்டின் டிஎன்ஏ, இரண்டு இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டது. அதில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வந்து, மொத்தம் சுமார் ஒரு கோடியே 20 லட்சம். புரதத்துக்கோ கண் கிடையாது.

கொழுந்து பறிக்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண் குனிந்து, பார்த்துப் பார்த்துக் கிள்ளும். இருபது வருஷம் பறித்த அக்கா பக்கத்து வரிசையோடு கதை பேசிக்கொண்டே கிள்ளுவார். ஒரு மொட்டு, இரண்டு இலை, விரலுக்கே தெரியும். கால்4-உம் தடவித்தான் படிக்கிறது. டிஎன்ஏவின் முறுக்கை அது பிரிப்பதில்லை. முறுக்கின் மேல் ஓடும் அகலமான பள்ளத்தில் நுழைந்து, எழுத்துகளின் விளிம்பைத் தொடுகிறது. தேடுவதும் மூன்றே எழுத்து: ஒரு சி, இரண்டு ஜி.

டிஎன்ஏவைத் தொடும் பகுதியைக் கால்4-இன் விரல் என்று வைத்துக்கொள்வோம். அந்த விரலுக்குள் இரண்டு துத்தநாக அயனிகள். சங்கிலியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறு அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. துத்தநாகம் எழுத்தைத் தொடுவதில்லை. விரல் துவளாமல் இருக்க உள்ளே வைத்த எலும்பு மாதிரி.

ஆனால் சி-ஜி-ஜி டிஎன்ஏவில் எங்கெங்கும் வரும். அதனால் கால்4 ஜோடியாகத்தான் வருகிறது. இரண்டின் வால்பகுதியும் கயிறுபோல் முறுக்கிக்கொள்ள, ஒன்று இந்த முனையில் மூன்றெழுத்தைப் பிடிக்கும். மற்றது எதிர் இழையில் அதே மூன்றைப் பிடிக்கும். நடுவில் 11 எழுத்து, ஆக 17. அது ஏறக்குறைய ஒன்றரை முறுக்கு என்பதால் இரண்டு கைகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பற்றுகின்றன. 1992-இல் விஞ்ஞானிகள் மார்க் டாஷ்னி, ஸ்டீபன் ஹாரிசன் குழுவினர் இதைப் படிக வடிவில் பார்த்துச் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தது அந்த 11தான். நடுவில் என்ன எழுத்து என்பது அவ்வளவு முக்கியமில்லை, எத்தனை என்பதே கணக்கு. இதே ஈஸ்ட்டில் புட்3, பிபிஆர்1 என்று பங்காளிகள் உண்டு. அவையும் தேடுவது அதே சி-ஜி-ஜி. புட்3 கேட்பது 10 எழுத்து இடைவெளி, பிபிஆர்1 கேட்பது 6. விரல் ஒன்றுபோலத்தான், விரலையும் அந்த முறுக்குக் கயிற்றையும் இணைக்கும் துண்டுதான் எட்டும் தூரத்தை முடிவுசெய்கிறது. துண்டை மாற்றி ஒட்டினால் புரதம் போய் உட்காரும் இடமும் மாறுகிறது.

அப்புறம் ஒன்று. காலக்டோஸ் வருவதற்கு முன்பே கால்4 டிஎன்ஏ மேல் உட்கார்ந்திருக்கும். கால்80 என்ற புரதம் அதன் வாயைப் பொத்தியிருக்கும். காலக்டோஸ் வந்ததும் கால்3 என்ற இன்னொரு புரதம் வந்து கால்80-ஐ இழுத்துக்கொள்ளும். மரபணுவின் வேகம் ஆயிரம் மடங்கு ஏறும். குளுக்கோஸ் கைவசம் இருந்தால் மட்டும் இதெல்லாம் நடக்காது. பிரெட் மாவிலோ குளுக்கோஸ் உண்டு. ஆகவே, நாளைக் காலை நீங்கள் டீயில் தோய்க்கப்போகும் பிரெட்டில் கால்4 அநேகமாகச் சும்மாதான் இருந்திருப்பார்.