உப்புக் கிண்ணம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்மை பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய ஆராய்ச்சி எல்லாம் கிடையாது. கண்ணால் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு, சுற்றிலும் ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயது இருக்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. சில ராத்திரிகளில் அங்கே பாத்திரம் உருளும், அப்புறம் மாமியின் குரல் கேட்கும். எங்கள் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் ஆண்கள் பேச்சை நிறுத்துவார்கள். "அவன் கெட்டினவளை அவன் அடிக்கான், நமக்கென்ன" என்பார் ஒருவர். பேச்சு மறுபடி ரப்பர் விலைக்குப் போய்விடும்.

அம்மா மட்டும் ஒரு கிண்ணத்தை என் கையில் தருவாள். "மக்களே, மாமிகிட்ட கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வா."

நான் கதவைத் தட்டியதும் சத்தம் நிற்கும். மாமாதான் திறப்பார். "உப்பா மக்கா?" என்று கேட்டு, அவரே அடுக்களைக்குப் போய், உப்பு வைக்கும் மரப்பாத்திரமான மரவையிலிருந்து அள்ளிச் சிந்தாமல் கிண்ணத்தில் போடுவார். எங்கள் வீட்டு மரவையிலும் உப்பு நிறையத்தான் இருக்கும். அம்மா எதற்கு அனுப்புகிறாள் என்று புரியப் பல வருஷம் ஆனது.

கோபத்தில் கண்ணு மண்ணு தெரியவில்லை என்கிறோமே, மாமாவுக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு கல் உப்பு கீழே விழவில்லை. குடிதான் காரணம் என்றால், ரப்பர் ஷீட்டுக்கு எடை குறைத்துப் போட்ட கடைக்காரரை அவர் ஒருநாளும் அடித்ததில்லையே! தோட்டத்தில் ஏச்சு வாங்கிய நாளில்தான் சத்தம் கூடுதலாகக் கேட்கும். வெளியே குனிந்த தலையை வீட்டுக்குள் நிமிர்த்திக் காட்டியாக வேண்டும். மாமிக்கு மட்டுமல்ல, எங்கள் திண்ணைக்கும் காட்டியாக வேண்டும். பெண்டாட்டி சொல் கேட்டு நடப்பவனைப் 'பொண்டாட்டிதாசன்' என்று சிரித்தவர்கள் அங்கேதானே இருந்தார்கள்.

புருஷன் வைத்ததுதான் சட்டம், ஆதிமுதல் இப்படித்தான் என்பார்கள். நம்ம நாஞ்சில் நாட்டிலேயே அப்படி இல்லை. மருமக்கள்வழி இருந்த குடும்பங்களில் சொத்து அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போனது. வீட்டை ஆண்டவர் காரணவர், அதாவது தாய்மாமன். அதற்காகப் பெண்கள் அங்கே சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. காரணவர் கண்ணை மூடினால் அவர் மனைவி மக்கள் பட்ட பாடு பெரும்பாடு. ஆனால் குடும்பத் தலைவன் யார் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ரத்தத்தில் வந்ததாக இருந்தால் மாறுமா?

நானும் லேசுப்பட்டவன் இல்லை. முட்டி பெயர்ந்து அழுத ஆறாம் வகுப்புப் பையனிடம், "பொட்டப்பிள்ள மாதிரி அழாதலே" என்றேன். வகுப்பு சிரித்தது, அவன் வாயை மூடிக்கொண்டான். சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன். முன்பெஞ்சில் இருந்த பெண்பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களாக இருப்பதே ஒரு வசவு என்று அன்றைக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது நம் மாவட்டம். படித்த ஊர் என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அடித்தவர்களில் எத்தனை பேர் என்னைப் போன்ற வாத்தியார்களிடம் படித்தவர்களோ.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும் செலவுக்குக் காசு தராமல் வதைப்பதும் வன்முறைதான். வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, திண்ணையில் இருப்பவர்கள் கவனியுங்கள். பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்க அடிபட்டவளே போக வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். பெண்களுக்கான உதவி எண் 181, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அம்மா காலத்தில் அந்த எண் கிடையாது. அவளிடம் ஒரு கிண்ணமும், அனுப்ப ஒரு பையனும் இருந்தார்கள்.